துண்டு முதலில், கேள்வி பிறகு

ஜூன் 6

குட்டி,

நீ மூணு தடவை போன் பண்ணினே, மூணு தடவையும் கட் பண்ணினேன். வேணும்னுதான். உன் குரலைக் கேட்டா எனக்குக் கோபம் ஏறுது. எழுதினா ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல கொஞ்சமாவது ஆறும். சர்வே ஃபாரம் கட்டை எடுத்துட்டுப் போக ஆபீஸ் வண்டி வாராவாரம் நம்ம ரெண்டு பேர் ஊருக்கும் வருதுல்ல, டிரைவர் அண்ணன்கிட்ட இதைக் குடுத்து விடுறேன். நீயும் அப்படியே பண்ணு. போன் வேண்டாம்.

ரூம் எப்படி இருக்குன்னு மெசேஜ்ல கேட்டிருந்தே. டயர் கடைக்கு மேல மாடி. ஜன்னலைத் திறந்தா ரப்பர் நாத்தம், மூடினா புழுக்கம். ஒரு மூலையில என் பெட்டி, மிச்ச மூணு மூலையிலயும் துண்டு. ஆமா, உனக்குக் குடுத்த அதே நீலக்கரைத் துண்டுதான். கட்டுக் கட்டா அடுக்கி இருக்கு. அதைப் பார்த்துக்கிட்டேதான் தினமும் கண்ணு முழிக்கிறேன்.

டிரெயினிங் அன்னைக்குக் கண்ணாடி மேடம் சீட்டுக் குலுக்கினப்ப நீ சிரிச்ச சிரிப்பு இன்னும் என் கண்ணுல நிக்குது. உன் ஊருக்கு, முதல்ல துண்டைக் குடு, அப்புறம் கேள்வி கேளு. என் ஊருக்கு, முதல்ல கேள்வி கேளு, பதில் முழுசாச் சொன்னாத்தான் துண்டு. எந்த ஊர்ல ஜனங்க அதிகமா உக்காந்து தங்க உடம்பைப் பத்திச் சொல்றாங்கன்னு பார்க்கணுமாம். மேடத்துக்கு அது ஆராய்ச்சி. எனக்கு அது பொழப்பு. யாரு அதிக வீடு முடிக்கிறாளோ அவதான் அடுத்த சூப்பர்வைசர்னு மேனேஜர் வேற சொல்லிட்டார். ஒருத்தி கையில வலை, இன்னொருத்தி கையில 'வலை அப்புறம் தர்றேன்'ங்கிற பேச்சு. மீன் யாரு பிடிப்பா?

இங்கே கதையைக் கேளு. 'ஹெல்த் சர்வேங்க, கொஞ்ச நேரம் பேசணும், முடிஞ்சதும் ஒரு துண்டு தருவோம்'னு சொன்ன உடனே, 'ஓ, ஏதோ விக்க வந்திருக்கே'ன்னு சாத்துறாங்க. ஒரு தையல்காரம்மா ஜன்னல் வழியாவே, 'உன்கூடப் பேசுற நேரத்துல ரெண்டு சட்டைக்குப் பட்டன் தைப்பேன், உன் துண்டு யாருக்கு வேணும்'னாங்க. எதிர்வீட்டுப் பெரியவர் துண்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன். தொட்டுப் பார்த்து, 'சாயம் போகுமா?'ன்னார். 'பதில் சொல்லுங்க ஐயா, தர்றேன்'னேன். 'தர்றேன் தர்றேன்னு சொன்னவங்களை நான் நிறையப் பார்த்துட்டேம்மா'ன்னு உள்ளே போயிட்டார். வாசல்ல துண்டும் கையுமா நான் நிக்கிறேன்.

உன்னை இந்த வேலைக்குக் கூட்டிட்டு வந்தது யாருன்னு மட்டும் மறந்துடாதே.

அக்கா


ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்துலகூட உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு, போ! உன் லெட்டரைக் குடுக்கும்போதே டிரைவர் அண்ணன், 'உங்கக்கா மூஞ்சி சரியில்ல, பார்த்துப் படிம்மா'ன்னார். நான் டீக்கடை பெஞ்சுல உக்காந்து பயந்து பயந்துதான் பிரிச்சேன்.

நான் உன்னைப் பார்த்துச் சிரிக்கலக்கா. மேடம் சீட்டுப் போட்டுக் குலுக்கினது அவங்க மூக்குக்கண்ணாடிப் பெட்டியில. கண்ணாடியை எங்கே வச்சோம்னு தெரியாம சீட்டை மூக்குல இடிக்கிற மாதிரி வச்சுப் படிச்சாங்க. கண்ணாடி அவங்க தலைமேல! யாருக்குத்தான் சிரிப்பு வராது? நீ சீட்டையே முறைச்சுட்டு இருந்தே, அதனால பார்க்கல.

சரி, உண்மையைச் சொல்லிடுறேன், திட்டாதே. இங்கே கதவு திறக்குது. துண்டைக் கையில குடுத்துட்டு, 'பேசினாலும் பேசாட்டியும் இது உங்களுக்குத்தான்'னு சொன்னா ஜனங்களுக்கு என்னமோ ஆயிடுது. சும்மா வாங்கிட்டுப் போக மனசு வரல. நகம் கடிக்கிறாங்க, கதவைப் பார்க்கிறாங்க, அப்புறம் 'சரி உள்ளே வாம்மா'ங்கிறாங்க. எல்லாரும் இல்ல. வாங்கிட்டு மூஞ்சியிலயே சாத்துறவங்களும் இருக்காங்க. ஒருத்தி அதை அவ நாய்க்குக் கழுத்துல கட்டிட்டா. அந்த நீலக்கரை நாய் தெருவெல்லாம் என்னைத் துரத்தித் துரத்திக் குரைக்குது.

ஆனா உள்ளே உக்கார வச்சு என்ன சொல்றாங்க தெரியுமா? தூக்கம் எப்படி? நல்லா வருது. நெஞ்சு வலி உண்டா? சேச்சே. குடிப்பீங்களா? ஐயோ, யாரைப் பார்த்து! விருந்தாளிகிட்டப் பேசுற மாதிரி பேசுறாங்க. கொல்லையில காலி பாட்டில் அடுக்கி இருக்கு, நான் 'இல்லை'ன்னு டிக் போடுறேன்.

உனக்கு அப்படியா? போன சர்வேயில நாம சேர்ந்து போனோமே, அந்த லாரிக்காரர், பொண்டாட்டிக்கே சொல்லாததை உன்கிட்டச் சொன்னார்ல, வாந்தியில ரத்தம் வந்ததை. நீ ஒண்ணுமே கேக்கல. பேனாவைக் கீழ வச்சே, அவ்வளவுதான். நான் பக்கத்துல ஃபாரத்தைப் பிடிச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னேன். வெளியே வந்ததும் உன்கிட்டச் சிரிச்சுப் பேசினேன். உள்ளுக்குள்ள எனக்கு எப்படி எரிஞ்சதுன்னு உனக்குத் தெரியாது. எல்லாரும் உன்கிட்டத்தான் மனசைத் திறக்கிறாங்க. கதவு திறந்து எனக்கு என்ன?

பெரியவ ஏன் பேசறதே இல்லன்னு அம்மா கேட்டாங்க. ஒரு தடவை பேசேன்.

உன் குட்டி


ஜூன் 27

குட்டி,

உனக்கும் எரிஞ்சதா? நல்லது. நான் ஒருத்தி மட்டும் எரிஞ்சுக்கிட்டு இருக்கேனோன்னு நினைச்சேன்.

இப்ப ஒரு சேதி சொல்றேன், உக்காந்து படி. எனக்கும் கதவு திறக்குது! ஃபாரம் கட்டைத் தூக்கினப்ப டிரைவர் அண்ணன் வாயைப் பொளந்துட்டார். 'என்னம்மா, ஊரையே கட்டிக் குடுத்துட்டீங்க'ன்னார். ஆபீஸ்ல பலகையில எழுதிப் போட்டிருக்காங்களாம், நானும் நீயும் கிட்டத்தட்டச் சமம்னு. இன்னும் கொஞ்ச நாள்ல உன்னைத் தாண்டிருவேன். எப்படின்னு கேக்காதே. அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல.

தையல்காரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு மெஷின் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார வச்சாங்க. வலது கை மரத்துப் போகுதாம். ஊசி விரல்ல ஏறினாக்கூடத் தெரியலயாம். வெளியே சொன்னா துணி குடுக்கிறவங்க குடுக்கமாட்டாங்கன்னு பெத்த மகன்கிட்டகூட மறைச்சிருக்காங்க. துண்டை மடியில வச்சுத் தடவிக்கிட்டே சொல்லிட்டு இருந்தாங்க.

எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் பலே ஆளு. துண்டை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு, 'நாளைக்கு வாம்மா'ன்னார். நாளைக்குப் போனா, 'நாளைக்குன்னுதானே சொன்னேன்'கிறார். அவருக்கு எழுபது வயசாம். எழுபது வயசுக்கு இவ்வளவு கொழுப்பு ஆகாது.

சூப்பர்வைசர் நாற்காலியில ஏற்கனவே இடம் பிடிச்சாச்சுன்னு நினைச்சுட்டு இருந்திருப்பே, ஓடுற பஸ்ல ஜன்னல் வழியாத் துண்டு போட்ட மாதிரி. எழுந்திரு கண்ணு. அது என் சீட்டு.

அக்கா


ஜூலை 4

அக்கா,

எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. பதில் சொல்லி முடிக்கிறதுக்கு முன்னாடியே தையல்காரம்மா மடிக்குத் துண்டு எப்படி வந்துச்சு? ஒரு கேள்விக்கும் வாய் திறக்காத பெரியவர் தோளுக்கு எப்படிப் போச்சு? உன் ஊர்ல எல்லாம் முடிஞ்ச பிறகுதானே துண்டு?

நீ முன்னாடியே குடுக்க ஆரம்பிச்சுட்டே. இல்லன்னு சொல்லு, நான் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கிறேன்.

ஏன் இப்படிக் குடையறேன்னு நினைக்காதே. முந்தாநாள் கண்ணாடி மேடம் இங்கே வந்தாங்க. 'ரெண்டு ஊரும் ஒண்ணுபோலத்தான் வருதும்மா. அப்ப முன்னாடியே குடுத்துப் பிரயோஜனம் இல்லன்னு ஆகுது. அடுத்த சுத்துலேருந்து எல்லா ஊருக்கும் பதில் சொன்ன பிறகுதான் துண்டு'ன்னாங்க. சொல்லும்போது முகம் செத்துப் போச்சு. ஜனங்களை நம்பி முதல்ல குடுத்துப் பார்ப்போம்னு மேலிடத்துல மல்லுக்கட்டி அனுமதி வாங்கினதே அவங்கதான். 'நான்தான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன் போல'ன்னு சொன்னாங்க. நான் டீயைக் கீழ கொட்டிட்டேன்.

அடுத்த சுத்து எங்கேன்னு உனக்குத் தெரியும். சிமெண்ட் பேக்டரிக்குப் பின்னாடி இருக்கிற குடியிருப்பு. அங்கே எப்பவுமே கதவு திறக்கமாட்டாங்க. வெறுங்கையோட வாக்குக் குடுத்துட்டு நின்னா யாரு திறப்பா? இருமல் கணக்கு வரலன்னா அங்கே ஆஸ்பத்திரியும் வராது. திறக்காத கதவுக்குப் பின்னாடி நோயே இல்லன்னு எழுதிருவாங்கன்னு நீதானே ஒரு தடவை மேனேஜர்கிட்டச் சண்டை போட்டே? நான் பக்கத்துலதான் இருந்தேன். என் அக்கான்னு பெருமையா இருந்துச்சு.

நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். நீயே மேடத்துகிட்டச் சொல்லிடு. இன்னும் எதுவும் முடிவாகல.

குட்டி


ஜூலை 11

நானே சொல்லிடணுமாம். யாருடி நீ எனக்குப் புத்தி சொல்ல?

ஆமா, குடுத்தேன். முன்னாடியே குடுத்தேன். அதே துண்டு, அதே ஜனங்க. அஞ்சு நிமிஷம் முன்னாடி குடுத்தா என்ன, பின்னாடி குடுத்தா என்ன? நான் என் வீட்டுக்கா மூட்டை கட்டினேன்? உன் தெருவுல நாய் கழுத்துல துண்டு கட்டுது, என் தெருவுல மனுஷங்களுக்கு நான் அப்புறம் அப்புறம்னு சொல்லணும். போதும்டி. எனக்கு 'அப்புறம்'ங்கிற வார்த்தையைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது.

சைக்கிள் ஞாபகம் இருக்கா? பத்தாம் வகுப்புல அம்மா எனக்கு என்ன சொன்னாங்க? 'முதல்ல நல்ல மார்க் வாங்கு, அப்புறம் சைக்கிள்.' வாங்கினேன். பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க். அதுக்குள்ள அப்பாவுக்கு வேலை போச்சு, சைக்கிளும் போச்சு. உன் முறை வந்தப்ப? பரீட்சை எழுதுறதுக்கு முன்னாடியே சைக்கிள்! மணி வச்ச சைக்கிள்! 'ஓட்டிட்டுப் போய்ச் சந்தோஷமா எழுதிட்டு வாடா கண்ணு.' நீ கணக்குல கோட்டை விட்டுட்டு அதே சைக்கிள்ல மணி அடிச்சுக்கிட்டே வந்தே. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. நான் காலேஜுக்குப் போறப்ப உன் சைக்கிள் என்னைத் தாண்டிப் போகும். நடந்துதான் போனேன், வந்தேன்.

இப்ப இங்கேயும் சீட்டு விழுந்தா உனக்கு முதல்ல, எனக்கு அப்புறம். என் தலையெழுத்தையே அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போட்டுக் குலுக்கினாங்க போல.

இன்னொண்ணும் கேட்டுக்க. அந்த நாற்காலி உனக்குப் பெருமைக்கு. எனக்கு அப்படி இல்ல. என் இடது முட்டி போயிருச்சு. மாடி ஏறிடுறேன், இறங்கும்போது ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து இறங்குறேன், யாரும் பார்க்காதப்ப. உக்காந்து பார்க்கிற வேலை கிடைக்கலன்னா இன்னும் எத்தனை நாளைக்கு நான் தெருத்தெருவா ஏறி இறங்குவேன்? 'மூட்டு வலி உண்டா'ன்னு ஊரையெல்லாம் கேக்கிறேன். என்னை யாரு கேட்டா?

போ, காட்டிக் குடு. நீயே சூப்பர்வைசர் ஆகு, அம்மா மறுபடி ஒரு சைக்கிள் வாங்கித் தருவாங்க. இனிமே எனக்கு எழுதாதே. உன் லெட்டர் வந்தா திருப்பிக் கொண்டு போயிருங்கன்னு டிரைவர் அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்.


ஜூலை 18

அக்கா,

டிரைவர் அண்ணன் உன் பேச்சைக் கேக்கமாட்டார். 'எனக்கும் ரெண்டு தங்கச்சி இருக்கு, இதெல்லாம் நான் நிறையப் பார்த்தாச்சு, குடும்மா'ன்னு வாங்கிக்கிட்டார்.

இதோட ஒரு துண்டு இருக்கு. ஆபீஸ் துண்டு இல்ல, பயப்படாதே. இங்கே பஸ் ஸ்டாண்டு கடையில நான் வாங்கினது, சிவப்புக்கரை. சுடுதண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு முட்டிமேல சுத்திக்க. ஆறினதும் மறுபடி சுத்து.

இதுக்குப் பதில் எழுதணும்னு இல்ல. மேடத்துகிட்டச் சொல்லணும்னும் இல்ல. நான் இனி அதைக் கேக்கவே மாட்டேன். பேசினாலும் பேசாட்டியும் இது உனக்குத்தான்.

போன சர்வேயில நீ படியில பின்தங்கினப்ப உன்னைக் கிழவின்னு கிண்டல் பண்ணினேன். நீயும் சிரிச்சே. வலிக்குதான்னு கேக்கத் தோணல பாரு, நான் எல்லாம் ஒரு சர்வேக்காரி.

சைக்கிள் கதையில உனக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. அதை வாங்கின அன்னைக்கு அம்மா அப்பாகிட்டப் பேசினதை நான் சமையல்கட்டுக்கு வெளியே நின்னு கேட்டேன். 'பெரியவளுக்குச் சொன்னாப் போதும், செஞ்சு காட்டிருவா. சின்னது தேறாதுங்க. ஃபெயிலானப்புறம் வாங்கிக் குடுத்தா நல்லா இருக்காது, இப்பவே வாங்கிக் குடுத்துருவோம்.' அதான்க்கா அந்தச் சைக்கிள். மணியை அடிக்கும்போதெல்லாம் எனக்கு 'தேறாது, தேறாது'ன்னுதான் கேட்டுச்சு. உன்னை நம்பினாங்க, அதனால கேட்டாங்க. என்னை நம்பல, அதனால குடுத்தாங்க. நீ நடந்து போறப்ப உன்னைத் தாண்டிப் போனேன்கிறியே, எனக்கு உன் பக்கத்துல மெதுவா ஓட்ட வெக்கமா இருந்துச்சு. அதான் வேகமா மிதிச்சேன்.

குட்டி


ஆகஸ்ட் 8

குட்டி,

டிரைவர் அண்ணன் பொட்டலத்தை டயர் கடையில குடுத்துட்டு ஓடிட்டார், என் கையில குடுத்தா வாங்கமாட்டேன்னு தெரிஞ்சிருக்கு. லெட்டரைப் படிச்சுட்டு துண்டைப் பிரிக்காம மூலையில தள்ளினேன். திருப்பி அனுப்ப மனசு வரல, எடுத்துக்கவும் மனசு வரல. ஃபாரம் எழுத உக்காந்தா கண்ணு அங்கேயே போகுது. உன் ஊர் ஜனங்களுக்கு என்ன ஆகுதுன்னு அப்பத்தான்டி எனக்குப் புரிஞ்சது. ஒண்ணும் கேக்காமக் குடுத்துட்டுப் போறது எவ்வளவு பெரிய தொல்லை! ஏதாவது கேட்டிருந்தா 'முடியாது'ன்னு எழுதிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

ஒரு நாள் முட்டி வீங்கிப் போய்ச் செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியல. எடுத்துச் சுத்தினேன். இதமா இருந்துச்சு. கொஞ்ச நேரம் அழுதேன், அது முட்டிக்காகன்னு வச்சுக்க. மறுநாள் பஸ் ஏறி மேடத்தைப் பார்க்கப் போயிட்டேன்.

எல்லாத்தையும் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழட்டி மேசைமேல வச்சாங்க. கழட்டினா அவங்களுக்கு எதிர்ல இருக்கிற முகம் தெரியாதுல்ல, அது எனக்கு வசதியாப் போச்சு. வாதாடியும் பார்த்தேன். 'அதே தெரு மேடம், தட்டினதும் அதே நான்தான். பிறகு தர்றேன்னப்ப சாத்தினாங்க, முன்னாடி குடுத்ததும் திறந்தாங்க. இதைவிடச் சாட்சி வேணுமா?' 'எனக்குச் சாட்சிதான்மா. ரிப்போர்ட்ல எழுத முடியாது'ன்னாங்க. ஆனா முன்னாடி குடுக்கிறதை நிறுத்துற பேச்சை நிறுத்திட்டாங்க. என் ஊருக்கு வேற ஆள் போய் முதல்லேருந்து கேக்கணும். நான் வாங்கிக் குடுத்த ஃபாரம் எல்லாம் கட்டிப் பரண்மேல போட்டாச்சு. தையல்காரம்மா கையும் அதுக்குள்ளதான் இருக்கு. அதைத்தான் என்னால தாங்க முடியல. ரூமைக் காலி பண்றதுக்கு முன்னாடி அவங்களை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். நரம்பு அழுத்தமாம், சரி பண்ணிடலாமாம்.

வேலையை விட்டுத் தூக்கல. மேடம் சொன்னதால மேனேஜர் திட்டினதோட விட்டுட்டார். சூப்பர்வைசர் நீதான்னு அவர் வாயாலயே கேட்டேன். உனக்கு வாழ்த்து எழுதலாம்னு உக்காந்தா பேனா நகரமாட்டேங்குது. பொறாமை போயிருச்சுன்னு உன்கிட்டப் பொய் சொல்லமாட்டேன். போகல. வயிறு எரியத்தான் செய்யுது. ஒரு பதிலும் சொல்லாமத் துண்டு வாங்கிருச்சே, அந்த நாய்மேலகூட எனக்குப் பொறாமைதான்.

இனி நீ சொல்ற தெருவுக்கு நான் போகணும். அக்காவாச்சேன்னு பார்த்து எனக்கு மாடி இல்லாத தெருவா ஒதுக்காதே. எல்லாருக்கும் போல சீட்டுக் குலுக்கு. சீட்டுல மாடி இல்லாத தெரு தானா வந்தா வேண்டாம்னு சொல்லமாட்டேன், அது வேற.

அம்மாகிட்டப் பேசினேன். சைக்கிளைப் பத்தி வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. அந்த மணிச் சத்தம் உனக்கு ஊர்வலம்னு நினைச்சு இத்தனை வருஷம் நான் காதைப் பொத்திக்கிட்டு இருந்திருக்கேன். யாரு சொன்னா தேறாதுன்னு? பைத்தியக்காரி.

அடுத்த சுத்து ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வா. சூப்பர்வைசரா வராதே. வரும்போது கையில ஒண்ணும் கொண்டு வராதே. கதவைத் திறப்பேன்.

அக்கா